வலப்பக்கத்தார்

பேருந்து இனிமேல் போனால் கடலுக்குள்தான் போகணும் என்கிற இடத்தில் இருக்கிறது நெத்திலிமுனை. முன்னால் கடல், வலப்பக்கம் கடல், இடப்பக்கம் உடைமரக் காடு, பின்னால் வந்த ரோடு, நடுவில் மாதா கோயில், கோயிலைச் சுற்றி எங்கள் வீடுகள், வீடுகளைச் சுற்றிக் காயப்போட்ட நெத்திலி, நெத்திலியைச் சுற்றிக் காக்கா. இந்த ஊரில்தான், கித்தேரிக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய வலப்பக்கத்தில் ஒருத்தர் வந்து நின்றார்.

ஓலை வாசிப்பது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் ஊரறிய வாசிப்பார், வாசித்துவிட்டு, இதற்குத் தடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்பார், என்றுவிட்டு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் பேசாமல் நிற்பார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட எல்லாரும் திரும்பிப் பார்ப்போம், அப்புறம் சாமியார் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டதும் கல்யாணம் பாதி முடிந்த மாதிரிதான்.

கித்தேரிக்கு நாற்பது தாண்டியிருந்தது. அண்ணன் அருளப்பன் வீட்டில் இருந்துகொண்டு மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைக்கிற வேலை பார்த்துவந்தாள். மாப்பிள்ளை பொன்சியான், கரைக்கு ஐஸ் கொண்டுவரும் லாரியை ஓட்டுகிறவர், கடல் இல்லாத உள்நாட்டு ஊர்க்காரர், மனைவியை இழந்தவர். ஐஸ் இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார், அவள் கொடுப்பாள், அவர் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கொடுப்பார், இப்படியே வருசக்கணக்கில் போய், ஒருநாள் செம்பைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "எங்கூட வாறியா?" என்று கேட்டார். "ஓலை வாசிச்சா வாறேன்" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிய காதல்.

எரோணிமூஸ் சாமியார் பேர் வாசித்துத் தடை கேட்டு நின்றார். அப்போது கித்தேரிக்கு வலது கைப்பக்கம், பெண்கள் பெஞ்சை ஒட்டிய நடைபாதையில், அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், படிய வாரின தலை, செருப்பில் ஒரு பொட்டு மணல் இல்லை. எங்கள் ஊருக்குள் மணல் ஒட்டாமல் வந்த முதல் ஆள் அவர்தான். வாயைத் திறந்து, கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"விளக்கை இடம் மாற்றியவள். எஸ்தாக்கியைப் பாரில் ஏற்றியவள்."

யாரும் அலறவில்லை. "மாப்பிள்ள வீட்டு ஆளா?" என்று கேட்டாள் ஒருத்தி. "இருக்கும், உள்நாட்டுக்காரன்தான் இப்பிடி உடுப்பான்" என்றாள் அடுத்தவள். கோயில்பிள்ளை கஸ்பார், கோயிலைத் திறந்து மெழுகுதிரி ஏற்றுகிறவர், ஆண்கள் பக்கம் தள்ளி உட்கார இடம் காட்டினார். அந்த ஆள் உட்காரவில்லை. பூசை முடிந்து கித்தேரி நடந்தபோது அவரும் நடந்தார், அவள் வீட்டுக்குள் போனபோது அவரும் போனார். அருளப்பன் மனைவி பவுலினாள் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள். ஒரு ஆம்பிளை நிற்கும்போது நாம் எப்படிச் சாப்பிடுவது?

அவர் சொன்னது ஊருக்குப் புதுசு இல்லை. கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். நெத்திலிமுனைக்கு முன்னால் கிடக்கிற பாரில் ஒரே ஒரு வழி உண்டு, வள்ளம் ஒன்று நுழையும் அகலம். இருட்டில் திரும்பி வருகிறவர்களுக்குக் கோயில் கோபுரத்து விளக்கும், அதற்கு நேர் கீழே கரையோரம் கித்தேரி வீட்டு முற்றத்துக் கம்பத்தில் தொங்கும் விளக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் வழி நேர் என்று அர்த்தம். கீழ் விளக்கு கொஞ்சம் விலகினாலும் வள்ளம் பாறைக்குத்தான் போகும். கித்தேரிக்குப் பத்தொன்பது வயதில், மாதா திருவிழாவுக்கு முந்தின ஒரு சாயங்காலம், இருட்டின பிறகு அந்த விளக்கு கம்பத்தைவிட்டு இறங்கியது. புதுத் தாவணியில் தன்னைக் கண்ணாடியில் பார்க்கணும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. பார்த்துவிட்டு உடனே கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அதற்குள் எஸ்தாக்கியின் வள்ளம் அந்த விளக்கை நம்பித் திரும்பிவிட்டது.

எஸ்தாக்கியின் மனைவி வியாகுலம், அதே கரையோர வரிசையில், கிழிந்த வலை கட்டிக்கொடுத்து இன்றைக்கும் பிழைக்கிறாள். இருபது வருசத்துக்கு மேல் கித்தேரியும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லை, பார்க்க நாங்கள் விட்டதில்லை. குழாயடிக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தை யாராவது வாங்கிப் பின்னால் வைத்துவிடுவோம். கித்தேரியிடம் ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை, அதைப் பெரிய தருமம் என்று நினைத்திருந்தோம். ஆனால் திருவிழாச் சப்பரத்தில் மெழுகுதிரியைக் கைக்குக் கை ஏற்றிக்கொண்டே வரும்போது, கித்தேரிக்கு இந்தப் பக்கம் நிற்பவள் அவளைத் தாண்டிக் கையை நீட்டி அந்தப் பக்கம் நிற்பவளுக்கு ஏற்றிக் கொடுப்பாள். வருசா வருசம் அந்த நீண்ட வரிசையில் அவள் நிற்கிற இடம் மட்டும் ஒரு பல் விழுந்த மாதிரி இருட்டாகப் போகும். அவளும் கையை நீட்டிக் கேட்டதில்லை.

ஆக, ஊர் வாய்க்குள் வைத்திருந்ததைத்தான் அந்த ஆள் வெளியே சொன்னார். பேர் கேட்டோம், சொல்லவில்லை. மரியாதை கெடாமல் இருக்கட்டும் என்று வலப்பக்கத்தார் என்று வைத்துக்கொண்டோம்.

அவர் கூடவே நிற்பது ஊருக்குப் பழகிப்போனது. கித்தேரி மீனைக் கழுவினால் சொன்னார், பரப்பினால் சொன்னார், கடைக்குப் போய் உப்பு கேட்டால் சொன்னார், எப்போதும் அதே சொல், அதே குரல். ஏலக்காரர் ஹென்றி, கரையில் மீனை ஏலம் விடுகிறவர், "வே, நான் வெலை சொல்லும்போது நீரும் சேர்ந்து சொன்னா ஆளுக எதுக்குக் கை தூக்குவான்? கொஞ்சம் பொறும்வே" என்று ஒரு நாள் கத்தியே விட்டார். வலப்பக்கத்தார் ஏலம் முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார், நாகரிகம் தெரிந்தவர்தான். பேருந்தில் நடத்துநர் அவருக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "உக்காரவா செய்தாரு?" என்றாள் கித்தேரி. "நின்னாலும் டிக்கெட்டுதான் தாயி" என்றார் நடத்துநர். டீக்கடையில் அவருக்கென்று ஒரு கண்ணாடிக் கிளாஸை ஒதுக்கி வைத்தார்கள். பிள்ளைகள் அவர் சொல்லை வைத்துப் பாண்டி ஆடினார்கள், "விளக்கை" என்று ஒரு கட்டம், "மாற்றியவள்" என்று ஒரு கட்டம், "பாரில்" வந்தால் அவுட்டு. கித்தேரி அந்தப் பக்கம் போனால் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். "ஆடுங்க மக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பிறகு ஊருக்கு ஆசை பிடித்தது. இவருக்கு இவள் விசயம் தெரிகிறதென்றால் மற்றவர்கள் விசயம் தெரியாமலா இருக்கும் என்று ஆளாளுக்குப் பொரித்த மீனும் பணியாரமும் கொண்டுவந்தார்கள். "அண்ணாச்சி, எங்க மாமியா என் சங்கிலிய எங்க வச்சிருக்கான்னு சொல்லிருங்க", "அண்ணாச்சி, எம் மச்சான் எல்லைக்கல்ல நகட்டினானா இல்லியா?" அவர் முகத்தைத் திருப்பவே இல்லை, கித்தேரியைத் தவிர உலகத்தில் ஒரு ஆளும் இல்லாத மாதிரி நின்றார். ஆசை போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு அவளுக்கு வலப்பக்கம் வந்தவர் நாளைக்கு நமக்கு வரமாட்டார் என்று என்ன நிச்சயம்?

வலப்பக்கம் சுவர் இருந்தால் அங்கே ஒருத்தர் நிற்க இடமிருக்காது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் நெத்திலிமுனையில் எல்லாரும் வலது தோள் சுவரில் உரச உரச நடக்கத் தொடங்கிவிட்டோம். கரைக்குப் போகிறவர்கள் சந்தின் ஒரு ஓரம், வீட்டுக்கு வருகிறவர்கள் மறு ஓரம், நடுவில் நாயும் ஆடும் மட்டும் போயின, சட்டைகளுக்கெல்லாம் வலது தோளில் சுண்ணாம்பு, இருசக்கர வண்டிக்காரர்கள் முட்டிக்கொள்வது நின்றது. கோயிலில்தான் தகராறு. ஆண்கள் பக்கத்துக்கு வலது கையில் சுவர் உண்டு, பெண்கள் பக்கத்துக்கு வலது கையில் திறந்த நடைபாதை. "எங்களுக்கு மட்டும் திறந்துபோட்ட வலமா?" என்று பெண்கள் சண்டைக்கு வந்து, ஒரு பூசைக்குப் பெண்கள் சுவர்ப்பக்கம், மறு பூசைக்கு ஆண்கள் சுவர்ப்பக்கம் என்று மாற்றி உட்கார முடிவானது. சாமியார்கூட, வெளிச்சம் அங்கேதான் நல்லா இருக்கிறது என்று, வாசகம் வாசிக்கும் மேசையை வலப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ஊரில் சுவர் தேடாமல் நடந்தது இரண்டு பேர். ஒருத்தி கித்தேரி, அவளுக்கு இனி வருவதற்கு ஆள் இல்லை. மற்றவள் வியாகுலம். பாதிக்கப்பட்டவளுக்கு என்ன பயம் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது ஓலைக்குப் பொன்சியானின் அக்கா மெற்றில்டா வந்திருந்தாள், தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், கையில் குடை. வலப்பக்கத்தார் சொல்லி முடித்ததும் எழுந்து வெளியே போனாள். பூசை முடிந்ததும் மேடைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, தடை இருக்குன்னு அந்த ஆளு சொல்லுதாரே, நீங்க கேக்கலியா?"

"கேட்டேம்மா. ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும், இல்ல ரத்த உறவா இருக்கணும், இப்பிடித் தடைக்குச் சட்டம் இருக்கு. விளக்க எடுத்தது அதுல இல்ல."

"உங்க சட்டத்துல இல்ல. என் வாசல்ல இருக்கு. பொண்ணுன்னு ஒருத்தி வந்தா சரி. கூடவே ஒரு ஆம்பிள நின்னுக்கிட்டு, காலையில ஒரு தடவ கொலைகாரி, ராத்திரி ஒரு தடவ கொலைகாரின்னு சொல்லிக்கிட்டிருந்தா, எங்க தெருவுல நான் எப்பிடித் தண்ணி பிடிக்க? அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். அந்த ஆளு போயிருந்தா கல்யாணம். நின்னா நான் எந்திரிச்சுத் தடைன்னு சொல்லுவேன். என் தம்பி என் சொல்லத் தாண்டமாட்டான்."

தாண்டமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும், கித்தேரிக்கும் தெரியும்.

அந்த வாரம் ஐஸ் இறக்க வந்த பொன்சியான், மூன்றாவதாக ஒருத்தர் நிற்பதைப் பாராமல், தானும் கித்தேரியும் மட்டும் நிற்கிற மாதிரியே பேசினார்.

"அவரு சொல்லுதது நெசமா?"

"நெசம்."

"என்னத்துக்கு எடுத்த?"

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. வலப்பக்கத்தாரும் இதைச் சொன்னதில்லை.

"கண்ணாடி பாக்க. புதுத் தாவணி."

"உங்க வீட்டுல கண்ணாடி இருந்துச்சா?"

"இல்ல."

"பெறவு?"

"இருந்த எடத்துல போய்ப் பாத்தேன். அதுக்கு மேல கேக்காதிய."

அவர் கேட்கவில்லை. செம்பைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "லாரியில முன்னால ரெண்டு சீட்டுதான். அவர எங்க ஒக்காரவைக்கன்னு ராத்திரியெல்லாம் யோசிக்கேன். பின்னால ஐஸோட வரச் சொன்னா வெறச்சிருவாரு" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். வலப்பக்கத்தார் தன் வரியைச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. அன்றைக்குச் சுவர் ஆண்களுக்கு முறை. கித்தேரிக்கு, வலப்பக்கம் திறந்த நடைபாதை ஓரம்தான் இடம் கிடைத்தது. மெற்றில்டா முன்வரிசையில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் அந்த ஞாயிற்றுக்கு உரிய வாசகத்தை விட்டுவிட்டு, தானே தேடி எடுத்த ஒன்றை வாசித்தார். சகரியா தீர்க்கதரிசி கண்ட காட்சி. யோசுவா என்கிற பெரிய குரு அழுக்கு உடுப்போடு ஆண்டவருடைய தூதருக்கு முன்னால் நிற்கிறார், அவருடைய வலப்பக்கத்தில் சாத்தான் நிற்கிறான், குற்றம் சாட்டுவதற்கென்றே நிற்கிறான். இந்த இடம் வந்ததும் கோயில் முழுக்கத் திரும்பி வலப்பக்கத்தாரைப் பார்த்தது. அவர், தன் படம் பேப்பரில் வந்திருப்பதைப் பார்த்தவர் மாதிரி, லேசாகக் காலரைச் சரி செய்துகொண்டார். ஆண்டவர் அந்தச் சாத்தானைக் கடிந்துகொண்டாராம், தீயிலிருந்து இழுத்தெடுத்த கொள்ளிக்கட்டை அல்லவா இது என்றாராம், பிறகு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, இவன் அழுக்கு உடுப்பைக் கழற்றிவிட்டு நல்லதை உடுத்துங்கள் என்றாராம்.

ஏலக்காரர் ஹென்றிக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "சாமி, அந்தச் சாத்தான் சொன்னது பொய்யா?" என்றார்.

"பொய்னு எழுதல."

"அப்போ நெசமா?"

"நெசம்னும் எழுதல. உடுப்ப மாத்துங்கன்னு எழுதியிருக்கு."

"யாரு மாத்தணும்?"

"பக்கத்துல நிக்கிறவங்க" என்றார் சாமியார், என்றுவிட்டு அவரே கொஞ்சம் திகைத்துப்போய் ஓலையைக் கையில் எடுத்தார்.

பேர் வாசித்தார். தடை கேட்டார். வெற்றிலை மடிக்கிற நேரம் தொடங்கியது. மெற்றில்டா குடையை ஊன்றினாள். வலப்பக்கத்தார் வாயைத் திறந்தார், "விளக்கை" என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து வியாகுலம் எழுந்து வந்தாள்.

வலை கட்டின விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே நடைபாதையில் நடந்து வந்தாள், கித்தேரிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தள்ளும்வே" என்றாள். "அது நான் நிக்க வேண்டிய எடம். செத்தது என் புருசன். குத்தம் சொல்லணும்னா நான் சொல்லணும், நீரு யாரு?"

அவர் தள்ளி நின்றார். வேறு வழியில்லை, நியாயம் அவள் பக்கம். கித்தேரியின் வலப்பக்கத்தில் வியாகுலம் நின்றாள், குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நின்றாள். இப்போது வலப்பக்கத்தார் வியாகுலத்தின் வலப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் வாய்க்குப் பழக்கம் விடவில்லை, அதே குரலில் சொன்னார்:

"தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கண்ணாடியை முற்றத்தில் எடுத்து வைத்தவள். விளக்கைக் கொண்டு வாடி, பார்ப்போம் என்று கூப்பிட்டவள்."

கித்தேரி வியாகுலம் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் ஒருத்தருட்டயும் சொல்லல" என்றாள்.

"தெரியும்ட்டி. நீ சொல்லலன்னுதான் எனக்குத் தூக்கமே போச்சு." வியாகுலம் ஊரைப் பார்த்து நிமிர்ந்தாள். "ஆமா. நான்தான் கூப்பிட்டேன். எல்லாரும் என்னப் பாவம்னு சொன்னிய. பாவம்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

வலப்பக்கத்தார் இன்னும் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கித்தேரியின் மைனி பவுலினாள் தடதடவென்று ஓடிவந்து வியாகுலத்துக்கு வலப்பக்கத்தில் நுழைந்தாள். அவள் யோசித்து வந்தது மாதிரி இல்லை, கொதிக்கிற பாலை இறக்க ஓடுகிற மாதிரி வந்தாள். அவர் நகர்ந்து, "நாத்தனாரைப் பெண் கேட்டு வந்தவர்களை வாசலோடு" என்று தொடங்கினார், முடிப்பதற்குள் அருளப்பன் வந்து பெண்டாட்டிக்கு வலப்பக்கத்தில் நின்றார். "தங்கையை ஊர் ஒதுக்கும்போது வாயை" என்பதற்குள் ஹென்றி வந்தார். "தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகை" என்பதற்குள் ஹென்றியின் மனைவி வந்தாள். தன் ஆளுடைய குற்றம் முழுசாக ஊர்க் காதில் விழுவதற்குள் ஒருத்தர் பாய்ந்து வந்து நடுவில் நின்றார், நின்றவருடைய குற்றம் பாதியில் வர, அவருடைய ஆள் பாய்ந்து வந்தார். தாய்க்கு மகள் வந்தாள், மகளுக்கு அவள் புருசன் வந்தான், மாமியாருக்கு மருமகள் வந்தாள், ஊர் ஆச்சரியப்பட்டது அதற்கு மட்டும்தான். சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் சுவரை விட்டு வந்தார்கள், வரிசை வலப்பக்க வாசலைத் தாண்டி மணலில் இறங்கியது. கோயில்பிள்ளை கஸ்பார் போய் நின்றதும், "பூசைக்கு வைத்த திராட்சை ரசத்தில்" என்றார் வலப்பக்கத்தார், சாமியார் அங்கி தடுக்கத் தடுக்க ஓடிவந்து கஸ்பாருக்குப் பக்கத்தில் நின்றார், "குருமடத்தில் படிக்கும்போது ஒரு" என்றார் அவர், அதைக் கேட்கக்கூடாது என்று பெண்கள் பக்கம் மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்து ஓடியது.

கையைக் கை பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு நுனி கோயிலுக்குள், மறு நுனி கடலோரம். அரைகுறைக் குற்றங்கள் எல்லாம் தலைக்கு மேல் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்தன, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை, பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை.

கடைசியாகப் பொன்சியான் போய் நின்றார், அலை அவர் முழங்காலைத் தொட்டது. வலப்பக்கத்தார் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அதே குரலில், "முதல் மனைவி நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னபோது லாரிக்கு நேரமாகிறதென்று" என்றார். பொன்சியான் கண்ணை மூடிக்கொண்டார்.

வரிசையில் சேராமல் கோயிலுக்குள் மிச்சம் இருந்தது மெற்றில்டா ஒருத்திதான். தூக்கி வளர்த்த பிள்ளையைப் பற்றின பேச்சு காற்றில் வந்து அவள் காதில் விழுந்தது. குடையைப் போட்டுவிட்டு ஓடினாள், எங்கள் எல்லாருடைய முதுகுக்கும் பின்னால் மணலில் ஓடினாள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அப்படி ஓடுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், சேலையோடு தண்ணீருக்குள் இறங்கித் தம்பிக்கு வலப்பக்கத்தில் போய் நின்று, "சொல்லுவே" என்றாள். "எனக்குள்ளத சொல்லு. நெறய இருக்கு. அவன விட்டுட்டு என்னச் சொல்லு."

அவளுக்கு வலப்பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற வலப்பக்கத்தார் வாயைத் திறந்தார், ஒரு சின்ன அலை வந்து வாய்க்குள் போனது. துப்பிவிட்டு மறுபடியும் திறந்தார், மறுபடியும் ஒரு அலை. அவர் சுற்றிலும் பார்த்தார். கைக்குக் கை பிடித்து நின்ற எங்களில் ஒருத்தருக்கும் வலப்பக்கம் காலி இல்லை, இருந்த ஒரே வலப்பக்கம் கடலாக இருந்தது. மேல்பொத்தானைக் கழற்றினார், எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. பிறகு தூரத்து வள்ளத்துக்கு நடந்துபோகிறவர் மாதிரி, அவசரம் இல்லாமல், தண்ணீருக்குள் நடந்து போனார். முங்கினாரா, போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது.

அவர் போன இடத்திலிருந்து ஒரு அலை கிளம்பி வந்தது. இரைச்சல் இல்லாத அலை, பிள்ளைக்கு ஊற்றுகிற வெந்நீர் மாதிரி இளஞ்சூடு. வரிசை நெடுக ஒவ்வொருத்தராக நனைத்துக்கொண்டே மணலில் ஏறி, வலப்பக்க வாசல் வழியாகக் கோயிலுக்குள் போய், வரிசையின் இந்த நுனியில் நின்ற வியாகுலத்தையும் கித்தேரியையும் இடுப்புவரை நனைத்து, பீடத்துப் படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

சாமியார் கையில் ஓலை நனைந்து தொங்கியது. "இன்னும் தடை கேட்டு முடிக்கல" என்றார் மெதுவாக. எல்லாரும் மெற்றில்டாவைப் பார்த்தோம். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி" என்றாள். "சளி பிடிக்கதுக்கு முன்னால கண்ணாடியக் கழட்டிப் பையில போடுங்க."

கோயிலுக்குள் கித்தேரி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்டது. வியாகுலம் அவள் கையை விடவில்லை. "நனைஞ்ச சீலையோட எவ்வளவு நேரம் நிப்ப? வா" என்று இழுத்துக்கொண்டு, மணலில் ஊர் எல்லாம் பார்க்க, தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் கித்தேரியின் கால் தயங்கியது. "ஏட்டி, உள்ள வாட்டி. காத்து அடிக்கி" என்றாள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்து உதறினாள் வியாகுலம். எஸ்தாக்கி இருந்தபோது எடுத்தது, ஒரு தடவைகூட உடுத்தாதது, பாச்சை உருண்டை வாசம் வந்தது. நனைந்ததைத் தன் கையாலேயே களைந்து மூலையில் போட்டாள். சிறு பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி, புதுசைச் சுற்றிக்கொண்டு வந்து, தரையில் மண்டியிட்டுக் கொசுவம் மடிக்க உட்கார்ந்தாள். கித்தேரி கல் மாதிரி நின்றாள். வயிறு உள்ளே ஒட்டிப்போய், தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது.

"மூச்ச ஏன்டி பிடிச்சு வச்சிருக்க?" என்றாள் வியாகுலம், வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு. "விடு. நீ மூச்ச விட்டாத்தான் கொசுவம் நிக்கும்."

கித்தேரி விட்டாள்.